வில் வேட்டைக்குக் கிளம்பும் முன் மரத்தைக் கொஞ்சம் பாருங்கள்

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் மான் வில் வேட்டை அக்டோபர் 1 அன்று தொடங்குகிறது. எந்தக் கிழமையில் வந்தாலும் அதே தேதிதான். நவம்பர் 14 வரை நடக்கும். அப்புறம் துப்பாக்கிக்காரர்களுக்கு வழிவிட்டு, டிசம்பரில் மறுபடி திறக்கும். ஆகஸ்ட் பிறந்ததுமே வீட்டுக் கொல்லைகளில் இலக்குப் பலகையில் அம்பு இறங்கும் 'தொப்' சத்தம் கேட்க ஆரம்பித்துவிடுகிறது. எல்லாரும் குறி பார்த்துப் பழகுகிறார்கள், நல்லதுதான். ஆனால் அவசர சிகிச்சைப் பிரிவில் வேலை பார்க்கும் எனக்கு, குறி தவறியவர்களைப் பற்றிக் கவலை இல்லை. மரத்திலிருந்து விழுபவர்களைப் பற்றித்தான் கவலை.

வில் வேட்டை என்றால் அம்பு பட்டுத்தான் ஆட்கள் வருவார்கள் என்று வெளியில் இருப்பவர்கள் நினைக்கிறார்கள். அம்பு இன்னொருவர் மேல் பாய்வது அபூர்வம். வில்லுக்கு மான் இருபது, முப்பது கெஜ தூரத்துக்குள் வர வேண்டும். வெள்ளைவால் மானின் மூக்கையும் கண்ணையும் ஏமாற்றி அவ்வளவு கிட்டத்தில் உட்கார வேண்டுமென்றால் மேலே ஏறுவதுதான் வழி. அதனால் மரத்தில் 15 முதல் 20 அடி உயரத்தில் ட்ரீ ஸ்டாண்ட் என்னும் பரணைக் கட்டிக்கொள்கிறார்கள். 20 அடியிலிருந்து விழுந்தால் ஒரு நொடி சொச்சத்தில் தரை வந்துவிடும். அப்போது வேகம் மணிக்குக் கிட்டத்தட்ட 40 கிலோமீட்டர். கையை ஊன்றவோ கிளையைப் பிடிக்கவோ அவகாசம் கிடையாது.

இந்த விழுதல்களில் பெரும்பாலானவை அம்பு விடும்போது நடப்பதில்லை. ஏறும்போது, இறங்கும்போது, அதிலும் ஏணியிலிருந்து பரணுக்குக் கால் மாற்றும் அந்த ஒரு எட்டில்தான் நடக்கின்றன. விடிவதற்கு முன் இருட்டு, பனி ஈரம், பூட்ஸில் சேறு, தூக்கக் கலக்கம். மாலையில் இருட்டிய பிறகு குளிரில் விறைத்த கால்களோடு இறங்குவது இன்னும் மோசம்.

காலூன்றி விழுபவருக்கு முதலில் குதிகால் நொறுங்கும். அங்கே அடங்காத விசை மேலே ஏறி, நெஞ்சு முதுகும் இடுப்பு முதுகும் சேரும் இடத்தில் எலும்பைப் பிளக்கும். அதனால்தான் உயரத்திலிருந்து விழுந்து குதிகால் உடைந்து வருபவரின் முதுகெலும்பைப் பார்க்காமல் நாங்கள் விடுவதில்லை. ஒருவர் தானே டிரக் ஓட்டிக்கொண்டு வந்து, குதிகால் வலியை மட்டும் சொன்னார். ஸ்கேனில் இடுப்பு முதுகெலும்பு ஒன்று நசுங்கியிருந்தது. அதோடு எழுந்து நடந்து, காட்டுக்குள்ளிருந்து வண்டிவரை வந்திருக்கிறார். கால் விளங்காமல் போகாதது அவருடைய அதிர்ஷ்டம். விழுந்துவிடாமல் உடம்பை மரத்தோடு பிணைக்கும் பட்டைக் கச்சைதான் ஹார்னஸ். “ஹார்னஸ் வைத்திருக்கிறீர்களா?” என்று கேட்டேன். “இருக்கு டாக்டர், வண்டியில இருக்கு” என்றார்.

இதே பதிலைப் பலரிடம் கேட்டுவிட்டேன். ஹார்னஸ் இல்லாதவர்கள் குறைவு. மேலே போய் உட்கார்ந்த பிறகு மாட்டிக்கொள்ளலாம் என்று நினைப்பவர்கள்தான் அதிகம். ஊரில் பனையேறுபவர் காலில் தளைநார் மாட்டாமல் மரத்தைத் தொடமாட்டார்; பாதி மரம் ஏறிவிட்டு மாட்டுவதில்லை. இங்கேயும் அதற்கு வழி இருக்கிறது. லைஃப்லைன் என்று ஒரு கயிறு. பரணுக்கு மேலே மரத்தில் கட்டி, அடிவரை தொங்கவிட வேண்டும். அதில் புரூசிக் முடிச்சு ஒன்று ஏறி இறங்கும். ஹார்னஸின் கொக்கியை அந்த முடிச்சில் தரையிலேயே மாட்டிவிட்டு, ஏற ஏறக் கையால் முடிச்சை மேலே தள்ளிக்கொண்டே போகலாம். வழுக்கினால் முடிச்சு இறுகிப் பிடித்துக்கொள்ளும். வில்லுக்குச் செலவழிப்பதில் சிறு பங்குதான் இந்தக் கயிற்றின் விலை. பரணுக்கு ஒன்று என்று வாங்கிக் கட்டிவிடுங்கள்.

ஹார்னஸ் பிடித்துவிட்டது, சரி. அந்தரத்தில் தொங்குகிறீர்கள். அடுத்த சிக்கல் அங்கே ஆரம்பிக்கிறது. தொடைப் பட்டை அழுத்த, கால் அசையாமல் தொங்கினால் ரத்தம் காலிலேயே தேங்கி, சில நிமிடங்களில் மயக்கம் வரலாம். இதற்காகத்தான் நல்ல ஹார்னஸ்களோடு ஒரு வளையப் பட்டை தருகிறார்கள். அதில் காலை வைத்து மிதித்து எழும்பி நிற்க வேண்டும். காலை அசைத்துக்கொண்டே இருக்க வேண்டும். பெரும்பாலோர் அந்தப் பட்டையைக் கவரைவிட்டே எடுப்பதில்லை. சீசனுக்கு முன் ஒரு நாள், தரையிலிருந்து ஒரு அடி உயரத்தில், பக்கத்தில் ஆள் நிற்கத் தொங்கிப் பாருங்கள். பதறிப்போய்க் கத்தியால் பட்டையை அறுத்துக்கொள்ளாதீர்கள். போன் சட்டையின் முன் பையில் இருக்கட்டும். கிளையில் மாட்டிய பையில் இருக்கும் போன் அந்த நேரத்துக்கு உதவாது.

போன வருடம் கட்டிய பரணை அப்படியே விட்டுவைத்தவர்கள் பகல் வெளிச்சத்தில் ஒருமுறை போய்ப் பார்த்துவிடுங்கள். மரம் பருத்திருக்கும், பரணைக் கட்டிய நாடாப் பட்டை வெயிலில் இற்றிருக்கும், அணில் கடித்திருக்கும். கீழேயிருந்து பார்த்தால் எல்லாம் ஒழுங்காகவே தெரியும். ஏறும்போதும் லைஃப்லைனை நம்புங்கள், பழைய பட்டையை நம்பாதீர்கள். ஒருமுறை விழுந்து தாங்கிய ஹார்னஸைத் தூக்கிப் போட்டுவிடுங்கள்.

வில்லைக் கையில் பிடித்துக்கொண்டோ முதுகில் மாட்டிக்கொண்டோ ஏறக்கூடாது. மேலே போய்க் கயிற்றால் இழுத்துக்கொள்ளுங்கள், நாணில் அம்பு இல்லாமல்.

இனி கை விரல்கள். வேட்டை அம்பின் முனை சவர பிளேடு மாதிரிதான். அதை வெறும் விரலால் திருகுபவர்களுக்குத் தையல் போட்டுப் போட்டு அலுத்துவிட்டது. அதற்கென்று சிறிய சாவி தருகிறார்கள், பயன்படுத்துங்கள். கிராஸ்போ என்னும், துப்பாக்கி மாதிரிப் பிடித்து எய்யும் வில்லை வைத்திருப்பவர்கள் கட்டைவிரலை அம்பு கிடக்கும் தண்டுக்கு மேலே தூக்கி வைத்தால் நாண் விரலைப் பெயர்த்துவிடும். கார்பன் அம்புகளை எய்வதற்கு முன் ஒவ்வொன்றாக எடுத்து, லேசாக வளைத்து, திருப்பித் திருப்பிக் காது கொடுத்துக் கேளுங்கள். 'கிரக்' என்று சத்தம் வந்தாலோ நகத்தில் விரிசல் தட்டினாலோ அந்த அம்பு வேண்டாம். விரிசல் விட்ட அம்பு நாண் விட்டதும் உடைந்து, வில்லைப் பிடித்த கையிலேயே ஏறும். கார்பன் சிலாம்புகள் எக்ஸ்-ரேயில் சரியாகத் தெரியாது என்பதால், தேடி எடுப்பது எங்களுக்கும் பெரிய பாடு.

நாற்பது வயதைத் தாண்டி, வருடம் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்தவர்கள் மான் விழுந்த பிறகு நடப்பதைப் பற்றி யோசிப்பதே இல்லை. முழு வளர்ந்த ஆண் மான் எண்பது, தொண்ணூறு கிலோ வரும். அதைக் குளிரில், கனத்த கோட்டோடு, புதருக்குள் இழுப்பது டிரெட்மில் சோதனையைவிட இதயத்தை விரட்டக்கூடிய வேலை. நெஞ்சில் ஸ்டென்ட் வைத்தவர்கள், சர்க்கரையும் ரத்த அழுத்தமும் உள்ளவர்கள் செப்டம்பரிலேயே மருத்துவரிடம் பேசிவிடுங்கள். இழுவைக்கு ஸ்லெட்டோ சக்கர வண்டியோ, கூடவே ஒரு ஆளோ ஏற்பாடு செய்யுங்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர் விழுந்தால், வெளியே காயமே தெரியாவிட்டாலும் மருத்துவமனைக்கு வந்தாக வேண்டும்.

உண்ணி அக்டோபரிலும் கடிக்கும். குளிர் வந்துவிட்டது என்று நம்பாமல் துணிக்குப் பெர்மெத்ரின் என்னும் பூச்சி மருந்து அடித்து, வீடு திரும்பியதும் முழங்கால் மடிப்பு, இடுப்பு, தலைமுடி என்று தேடிப் பாருங்கள். மிச்சிகனின் காட்டு மான்களில், மூளையைச் சிதைத்து மானை உருக்கிக் கொல்லும் சிடபிள்யூடி நோய் 2015-லேயே கண்டுபிடிக்கப்பட்டது. மனிதருக்குத் தொற்றியதாக இதுவரை நிரூபணம் இல்லை. ஆனாலும் அந்த நோய்க்குக் காரணமான ப்ரையான் என்னும் புரதம் சமையல் சூட்டில் அழிவதில்லை. கையுறை போட்டு வெட்டுங்கள், மூளையையும் தண்டுவடத்தையும் தொடாதீர்கள், நோய் உள்ள பகுதியென்றால் தலையைச் சோதனைக்குக் கொடுத்து முடிவு வந்த பிறகு சாப்பிடுங்கள்.

வீட்டில் இருப்பவர்களுக்கும் ஒரு வேலை உண்டு. எந்த மரம் என்று போன் வரைபடத்தில் இடத்தைக் குறித்து வாங்கிக்கொள்ளுங்கள், எத்தனை மணிக்குத் திரும்புவார் என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். சூரியன் மறைந்து அரை மணி நேரத்தோடு வேட்டை நேரம் முடிந்துவிடும். அதற்கப்புறம் சொன்ன நேரமும் தாண்டி, போனும் எடுக்கவில்லை என்றால், மானைத் தேடிக்கொண்டிருப்பார் என்று நீங்களாகச் சமாதானம் சொல்லிக்கொள்ளாமல் 911-ஐ அழையுங்கள். போய்ச் சேருபவர்கள் விழுந்தவரைத் தூக்கி நிறுத்த வேண்டாம். போர்வையைப் போர்த்திவிட்டு, ஆம்புலன்ஸ் வரும்வரை கழுத்தையும் முதுகையும் அசைக்காமல் பார்த்துக்கொண்டால் போதும்.