ஒப்பந்தத்தில் வினைச்சொல்லைத் தேடுங்கள்

“இத்தனை நாடுகள் கூடி ஒப்புக்கொண்டார்களே, பிறகு ஏன் எதுவும் மாறவில்லை?” என் வேலை என்னவென்று தெரிந்தவர்கள் என்னிடம் அதிகம் கேட்கும் கேள்வி இது. சர்வதேசப் பேச்சுவார்த்தைகளில் வரைவு வாசகங்களைப் படித்து, இந்தச் சொல்லை ஏற்றால் உங்கள் நாட்டுக்கு என்ன கடமை வரும், எது கைவிட்டுப் போகும் என்று தூதுக்குழுக்களுக்குச் சொல்வது என் தொழில். பல ஆண்டுகள் இதைச் செய்தபின் எனக்குத் தெரிந்தது இதுதான்: அந்தக் கேள்விக்கான பதில் பெரும்பாலும் ஒப்பந்தத்துக்குள்ளேயே எழுதியிருக்கிறது. நாம் படிப்பதில்லை.

பாரிஸ் காலநிலை ஒப்பந்தத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2015 டிசம்பர் 12 அன்று இறுதி வரைவு வெளியானதும் அமெரிக்கத் தூதுக்குழு ஒரே ஒரு சொல்லில் போய் நின்றது. நான்காம் பிரிவின் நான்காம் பத்தி, உமிழ்வைக் குறைப்பதில் வளர்ந்த நாடுகள் முன்னிற்பதைப் பற்றியது. அங்கே ‘ஷல்’ என்று இருந்தது. அவர்கள் எதிர்பார்த்தது ‘ஷுட்’. தமிழில் இரண்டையும் ‘வேண்டும்’ என்றே எழுதிவிடுவோம். சட்டத்தில் இரண்டுக்கும் நடுவே பெரிய பள்ளம் இருக்கிறது. முதலாவது கடமை. இரண்டாவது, செய்வது தகும் என்ற அளவோடு நிற்பது. கடமை என்றால் செனட் சபையின் ஒப்புதல் தேவைப்படும், அது கிடைக்காது என்பது அவர்கள் கவலை. கடைசியில் செயலக அதிகாரி ஒருவர் எழுத்துப்பிழைத் திருத்தங்களோடு சேர்த்து அந்தச் சொல்லின் மாற்றத்தையும் வாசித்தார். மாநாட்டுத் தலைவர் லோரான் ஃபாபியுஸ் சுத்தியலைத் தட்டினார். ஒப்பந்தம் நிறைவேறியது.

இதை மோசடி என்று கசப்போடு சொல்பவர்கள் உண்டு. நான் அப்படிப் பார்க்கவில்லை. அந்தச் சொல்லால் உலகம் இழந்தது உண்மை. அதற்காக ஒப்பந்தமே கவிழ்ந்திருந்தால் இழப்பு இன்னும் பெரிது. ஆனால் இழந்தது எது என்பதை மக்கள் தெரிந்துகொள்ள வேண்டும். பொங்கி வழியும் வாழ்த்துச் செய்திகளில் அது வருவதில்லை.

வினைச்சொல்லைப் போலவே கவனிக்க வேண்டியவை, யாரும் கண்டுகொள்ளாத சின்னச் சொற்கள். பணக்கார நாடுகள் தங்கள் தேசிய வருமானத்தில் 0.7 விழுக்காட்டை வளர்ச்சி உதவியாகத் தர வேண்டும் என்று ஐ.நா. பொதுச்சபை 1970-லேயே தீர்மானித்தது. 2030-க்குள் எட்டுவதற்கென்று ஐ.நா. வகுத்த நீடித்த வளர்ச்சி இலக்குகளில் 17.2 என்ற உட்குறிக்கோளில் அந்த எண் இன்றும் இருக்கிறது. ஆனால் வாசகத்தைப் பாருங்கள்: 0.7 விழுக்காட்டை எட்டுவதாக ‘பல’ வளர்ந்த நாடுகள் அளித்த உறுதிமொழி என்று இருக்கும். இந்தப் ‘பல’ வெறும் அலங்காரம் கிடையாது. அந்த உறுதிமொழியை அமெரிக்கா எப்போதும் ஏற்கவில்லை. அந்த ஒரு சொல் இல்லையென்றால் பத்தியே நின்றிருக்காது. ‘பொருத்தமான வகையில்’, ‘தேசியச் சூழலுக்கு ஏற்ப’, ‘தத்தம் திறனுக்கு இணங்க’ ஆகியவையும் இப்படித்தான். இவற்றில் சில நியாயமானவை; ஏழை நாட்டின் மேல் அது சுமக்க முடியாததை ஏற்றக்கூடாது. 1992-இல் ரியோவில் ஏற்ற பிரகடனத்தின் ஏழாவது கோட்பாடு, பொறுப்பு எல்லோருக்கும் பொது, ஆனால் அளவில் வேறு வேறு என்று அதை வெளிப்படையாகவே சொல்கிறது. சில தொடர்களோ தப்பிப்பதற்கென்றே திறந்துவைத்த கதவுகள். எது எந்த வகை என்பதை, அந்தத் தொடரைக் கொண்டுவந்தவர் யார் என்பதை வைத்துத்தான் பெரும்பாலும் முடிவு செய்வேன்.

வரைவு எப்படி இருக்கும் என்று பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். ஒரு நாடு ஏற்காத சொல்லைச் சதுர அடைப்புக்குள் போடுவார்கள். அதற்கு மாற்றாக இன்னொரு நாடு சொல்வதை அதன் பக்கத்தில் இன்னோர் அடைப்புக்குள் போடுவார்கள். அடைப்புக்குள் அடைப்பு, அதற்குள் மேலும் ஓர் அடைப்பு. கோபன்ஹேகன் மாநாட்டுக்கு முன், 2009-ஆம் ஆண்டின் நடுவில், காலநிலை வரைவு ஏறக்குறைய 200 பக்கங்களுக்கு வீங்கியிருந்தது. பேச்சுவார்த்தை என்பது மேடைப் பேச்சு என்று நினைக்கிறோம். உண்மையில் அது இந்த அடைப்புகளை ஒவ்வொன்றாகக் கழற்றும் வேலை. வாக்கெடுப்பு வழக்கத்தில் இல்லை, கருத்தொருமிப்புதான். எல்லாம் ஒத்துக்கொள்ளப்படும்வரை எதுவும் ஒத்துக்கொள்ளப்பட்டதாகாது என்பது எழுதாத சட்டம். அதனால் கடல் பற்றிய பத்தியில் ஒரு சொல்லை விட்டுக்கொடுத்த நாடு, நிதி பற்றிய பத்தியில் அதற்கு விலை கேட்கும். தனித்தனியாகப் படித்தால் புரியாத பல வாசகங்கள் இந்தக் கொடுக்கல் வாங்கலின் தழும்புகள்.

என் மனதை அறுப்பது வேறொன்று: அறையில் யார் இருக்கிறார்கள் என்பது. பெரிய நாடு நூறு பேரோடு வரும். ஒரே நேரத்தில் நான்கு அறைகளில் பேச்சு நடந்தால் நான்கிலும் அதற்கு ஆள் உண்டு. சிறிய நாட்டிலிருந்து வருபவர்கள் இரண்டு பேர், சில சமயம் ஒருவர். முறையான கூட்டங்களில் ஆறு மொழிகளில் மொழிபெயர்ப்பு இருக்கும். உண்மையான பேரம் நடக்கும் முறைசாராக் கூட்டங்களில் பெரும்பாலும் ஆங்கிலம் மட்டுமே. நள்ளிரவைத் தாண்டினால் விழித்திருப்பவர்கள் யாரோ அவர்கள் எழுதுவதுதான் வாசகம். ஒருமுறை நான் ஆலோசனை சொன்ன ஒரு சிறு தூதுக்குழு, கடற்கரையோர மக்களுக்கான ஒரு வரியை மூன்று நாட்கள் காத்து நின்றது. நான்காம் நாள் இரவு அவர்கள் வேறோர் அறையில் நிதிப் பத்திக்காகப் போராடிக்கொண்டிருந்தபோது, இங்கே அந்த வரி ‘வாசகத்தைச் சுருக்குதல்’ என்ற பெயரில் போய்விட்டது. யாரும் எதிர்த்து நீக்கவில்லை. காக்க ஆள் இல்லை, அவ்வளவுதான். காலையில் திரும்பக் கேட்டபோது, முடித்த பத்தியை மறுபடி திறக்க முடியாது என்றார்கள். அந்தக் குழுவின் பெண் அதிகாரி மடித்த வரைவைக் கையில் வைத்துக்கொண்டு நின்றது இன்றும் கண்ணில் நிற்கிறது.

அதனால்தான் நீடித்த வளர்ச்சி இலக்குகள் உருவான முறையை நான் எல்லோரிடமும் சொல்கிறேன். அதற்கு முன்பிருந்த எட்டு புத்தாயிர வளர்ச்சி இலக்குகளும் பெரும்பாலும் நிபுணர்கள் தொகுத்தவை. எங்களைக் கேட்டீர்களா என்ற வருத்தம் வளரும் நாடுகளுக்கு இருந்தது. இம்முறை, 2012 ரியோ மாநாட்டுக்குப் பின், ஒரு திறந்த பணிக்குழு அமைந்தது. இடங்கள் 30, கேட்டு வந்த நாடுகளோ ஏறக்குறைய 70. எனவே இரண்டு மூன்று நாடுகள் சேர்ந்து ஓர் இடத்தைப் பகிர்ந்தன. இந்தியா, பாகிஸ்தான், இலங்கை மூன்றுக்கும் ஒரே இடம்! ஈரான், ஜப்பான், நேபாளம் மூன்றுக்கும் ஒன்று. வழக்கமாக எதிரெதிர் அணிகளில் நின்று எழுதிவைத்ததை வாசித்துவிட்டுப் போகும் நாடுகள், பேசுவதற்கு முன் பக்கத்து நாட்டோடு கலந்தாக வேண்டிய நிலை. இணைத் தலைவர்களான கென்யாவின் மச்சாரியா காமாவும் ஹங்கேரியின் சாபா கொரோஷியும் இன்னொன்றும் செய்தார்கள். வரைவைக் கையில் கொடுக்காமல், 2013 மார்ச் முதல் 2014 பிப்ரவரி வரை எட்டு அமர்வுகளை வெறும் கற்றலுக்கே ஒதுக்கினார்கள். நீர், மண், வேலைவாய்ப்பு, கடல் என ஒவ்வொன்றையும் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து கேட்டார்கள். பேரம் அதன் பிறகுதான். 2014 ஜூலை 19 அன்று முடிந்தபோது 17 இலக்குகள், 169 உட்குறிக்கோள்கள். அதிகம் என்று குறை சொன்னவர்கள் உண்டு. எனக்கும் சில உட்குறிக்கோள்கள் தேவைக்கு மேல் நீண்டவை என்றே தோன்றுகிறது. ஆனாலும் அவை எங்களுடையவை என்று சிறு நாடுகள் சொல்ல முடிந்தது. என் அனுபவத்தில் அது அரிது.

2015 செப்டம்பர் 25 அன்று பொதுச்சபை அவற்றை ஏற்றது. இங்கே ஒரு வேறுபாட்டைத் தெளிவாகப் பிடித்துக்கொள்ளுங்கள்: பாரிஸ் ஒப்பந்தம் சட்டப்படி ஓர் உடன்படிக்கை; இந்த இலக்குகள் அடங்கிய 2030 நிகழ்ச்சி நிரல் அப்படியல்ல. அது ஐ.நா. தீர்மானத்தின் வடிவில் வந்த அரசியல் உறுதிமொழி. எந்த நீதிமன்றமும் அதை வைத்து ஓர் அரசைக் கட்டாயப்படுத்தாது. பின் யார் கேட்பது?

அந்தக் கேள்விக்குத்தான் பின்தொடர்தல், மறுஆய்வு என்ற பகுதி இருக்கிறது. வாசகத்தின் கடைசிப் பகுதி, படிப்பவர்கள் குறைவு. முதலில் படிக்க வேண்டியது அதுதான் என்பேன். மறுஆய்வு ‘தன்னார்வமானது’, ‘நாடுகளே முன்னெடுப்பது’ என்று அங்கே இருக்கிறது. ஒரு நாடு விரும்பினால் தன் அறிக்கையைக் கொண்டுவரும். எதைச் சொல்வது, எதை விடுவது என்று அதுவே தீர்மானிக்கும். ஐ.நா.வின் 2024 அறிக்கைப்படி, மதிப்பிட முடிந்த உட்குறிக்கோள்களில் 17 விழுக்காடு மட்டுமே சரியான பாதையில் இருந்தன. கனவு பெரிதாக இருந்தது தவறல்ல. கேட்கும் பொறுப்பை யாரிடமும் கொடுக்காமல் விட்டதே காரணங்களில் ஒன்று என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

அடுத்த ஒப்பந்தச் செய்தி வரும்போது தலைப்போடு நிற்காதீர்கள். இறுதி வாசகம் ஐ.நா. தளத்தில் இலவசமாகக் கிடைக்கும். வினைச்சொற்களுக்கு அடிக்கோடிடுங்கள்: ‘செய்வோம்’ எங்கே, ‘முயல்வோம்’ எங்கே, ‘கவனத்தில் கொள்கிறோம்’ எங்கே. முந்தைய வரைவு கிடைத்தால் பக்கத்தில் வைத்து எது மறைந்தது என்று பாருங்கள். பிறகு உங்கள் அரசின் தன்னார்வ அறிக்கையைத் திறந்து, 169-இல் எவற்றைத் தொடவே இல்லை என்று குறித்துக்கொள்ளுங்கள். அந்தப் பட்டியலை உங்கள் தொகுதி உறுப்பினரிடம் எழுத்தில் கொடுத்து, எழுத்தில் பதில் கேளுங்கள்.