லட்சம் சைட்டேஷன் இருந்தால் கணக்கு சரியாகிவிடுமா?

"சார், ஜாப் முடிஞ்சிடுச்சு" என்று மடிக்கணினியோடு வந்து நின்றான் ஆய்வு மாணவன். மூலக்கூறுகளின் வடிவையும் ஆற்றலையும் கணிக்கும் காஸியன் நிரல் தந்த கோப்பின் கடைசியில் வழக்கம்போல ஒரு பொன்மொழி, அதன் கீழே 'நார்மல் டெர்மினேஷன்'. திரையில் இரண்டு தட்டையான சாய மூலக்கூறுகள், ஒன்றையொன்று விட்டு விலகிக் கிடந்தன. இந்தச் சாயம் கரைசலில் ஒட்டிக்கொள்ளாது என்று முடிவும் எழுதிவிட்டான். பக்கத்து ஆய்வகத்துக் குப்பியிலோ அது ஒட்டி அடுக்காகி நிறமே மாறியிருந்தது.

மூலக்கூறின் ஆற்றலைத் தோராயமாகக் கணிக்கும் சூத்திரங்களைச் 'சார்பு' என்போம்; பி3எல்ஒய்பி அவற்றில் ஒன்று. ஏன் அதைப் போட்டாய் என்று கேட்டேன். "எல்லாரும் அதைத்தான் போடறாங்க சார். லட்சம் சைட்டேஷன் இருக்கு." இந்த வருடம் இதே பதிலைக் கேட்பது மூன்றாவது முறை. அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

ஒரு முறையை நிறையப் பேர் மேற்கோள் காட்டுகிறார்கள் என்றால், நிறையப் பேர் அதைப் பயன்படுத்துகிறார்கள் என்றுதான் அர்த்தம். உங்கள் மூலக்கூறுக்கு அது பொருந்தும் என்று அர்த்தமில்லை. 2014-இல் நேச்சர் இதழ் அதிகம் மேற்கோள் காட்டப்பட்ட 100 கட்டுரைகளைப் பட்டியலிட்டது. பி3எல்ஒய்பியின் 'எல்ஒய்பி' பகுதியைத் தந்த லீ, யாங், பார் எழுதிய 1988 கட்டுரையும், அதன் மூன்று அளவுருக்களைத் தந்த பெக்கேயின் 1993 கட்டுரையும் முதல் பத்துக்குள் இருந்தன. இவற்றுக்கெல்லாம் அடித்தளமான, வால்டர் கோனுக்கு வேதியியல் நோபல் வாங்கித் தந்த கட்டுரைகள் அவற்றுக்குக் கீழேதான் இருந்தன. கருவியைத்தான் எல்லோரும் சுட்டுவார்கள், அதன் வேரை அல்ல. இன்னொன்றும் சொல்கிறேன். பி3எல்ஒய்பி என்றாலே பெக்கேயின் 1993 கட்டுரையைக் குறிப்பிடுகிறார்கள். அதில் எல்ஒய்பியே கிடையாது, அவர் பயன்படுத்தியது வேறொரு சார்பு. எல்ஒய்பியைச் சேர்த்தது 1994-இல் வேறொரு குழு. கட்டுரையைத் திறந்து படித்திருந்தால் இது தெரிந்திருக்கும்.

கோனோடு 1998-இல் நோபலைப் பகிர்ந்துகொண்டவர் ஜான் போப்பிள். இங்கிலாந்துக்காரர், கேம்பிரிட்ஜில் கணிதம் படித்தவர். 1964-இல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகருக்குப் போனார். அங்கே அவர் குழு உருவாக்கிய காஸியன் 70 நிரலின் வழித்தோன்றலைத்தான் இன்று நீங்கள் ஓட்டுகிறீர்கள். எலக்ட்ரான்களை விவரிக்கும் கணிதத் தொகுப்பாக 6-31ஜி* என்று யோசிக்காமல் தட்டுகிறீர்களே, அதுவும் அவர் குழுவின் வேலை. ஆனால் அவர் விட்டுப்போனதில் பெரியது நிரல் அல்ல, ஓர் ஒழுங்கு. முறையை முன்கூட்டியே வரையறுத்துவிடு, எல்லா மூலக்கூறுக்கும் ஒரே மாதிரி பயன்படுத்து, சோதனையில் அளந்த எண்களோடு ஒப்பிட்டுப் பிழையைச் சொல், அதற்கப்புறம்தான் தெரியாததைக் கணி. ஆற்றல்களைத் துல்லியமாகக் கணிக்கும் ஜி2 முறையை 1991-இல் வெளியிட்டபோது 125 ஆற்றல் அளவீடுகளோடு ஒப்பிட்டு, சராசரிப் பிழை மோலுக்கு 1.21 கிலோகலோரி என்று வெளிப்படையாகச் சொன்னார்கள். பெக்கே தன் மூன்று அளவுருக்களைப் பொருத்தியதும் போப்பிள் குழு தொகுத்த தரவுகளை வைத்துத்தான். அந்தத் தரவுகளில் சின்னஞ்சிறு மூலக்கூறுகளே அதிகம். அடுக்கி வைத்த சாயங்கள் அதில் எங்கே இருக்கின்றன?

வெறும் பி3எல்ஒய்பியில் சிதறல் விசை, அதாவது மூலக்கூறுகளை மெல்ல ஒன்றையொன்று இழுக்கவைக்கும் விசை, இல்லை. நேருக்கு நேர் அடுக்கிய இரண்டு பென்சீன் வளையங்கள்கூட அதில் ஒன்றையொன்று தள்ளிக்கொள்ளும்.

ஆகவே தம்பி தங்கைகளே, சிதறல் திருத்தத்தைச் சேருங்கள். அப்படியொரு திருத்தமான கிரிம்மேயின் டி3 வந்தது 2010-இல், இனியும் சாக்கு சொல்லாதீர்கள். மூலக்கூறின் அதிர்வுகளைப் பார்க்கும் அதிர்வெண் கணக்கு ஓட்டாமல் வடிவம் கிடைத்துவிட்டது என்று எழுதாதீர்கள். நெகட்டிவ் ஃப்ரீக்வென்சி ஒன்று இருந்தாலும் அது நிலையான வடிவம் அல்ல. 'நார்மல் டெர்மினேஷன்' என்றால் நிரல் ஒழுங்காக நின்றது, அவ்வளவுதான். உங்கள் மூலக்கூறைப் போன்ற, விடை ஏற்கெனவே தெரிந்த இரண்டு மூன்றை முதலில் ஓட்டுங்கள். வேறொரு சார்பிலும் பாருங்கள். விடை தலைகீழானால் அதைக் கட்டுரையில் மறைக்காமல் எழுதுங்கள்.

வழிகாட்டிகளிடம் ஒரு வேண்டுகோள். மாணவர் கணக்கோடு வரும்போது, இந்த முறையை எதோடு ஒப்பிட்டுப் பார்த்தாய் என்று முதலில் கேளுங்கள். தயவுசெய்து கேளுங்கள். நாம் கேட்காததால்தான் அவர்கள் சைட்டேஷன் எண்ணிக்கையைக் காட்டுகிறார்கள்.

அந்த மாணவனை முதலில் பென்சீன் ஜோடியை ஓட்டச் சொன்னேன், திருத்தம் இல்லாமல் ஒரு முறை, டி3 சேர்த்து ஒரு முறை. மறுநாள் காலை இரண்டு எண்களையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு எனக்கு முன்பே வந்து காத்திருந்தான். சாயத்தை இப்போது மறுபடி ஓட்டிக்கொண்டிருக்கிறான்.