கவுண்ட்டி பிளான் டிராஃப்ட்ல இருக்கும்போதே போய் கேளுங்க

அமெரிக்கால இருக்கற நம்மாளுங்ககிட்ட உங்க கவுண்ட்டி, அதாவது நம்ம ஊர் மாவட்டம் மாதிரி இருக்கற உள்ளூர் நிர்வாகம், என்னதான் பண்ணுதுன்னு கேட்டா முக்காவாசி பேரு ப்ராப்பர்ட்டி டாக்ஸ், லைப்ரரி, பார்க்குன்னு சொல்லிட்டு அதோட நிறுத்திடுவாங்க. நான் வேலை பாக்கறது ஒரு கவுண்ட்டியோட கம்யூனிட்டி டெவலப்மென்ட் பிரிவுல. எந்தத் தெருவுக்கு சைட்வாக், எந்த ஏரியாவுக்கு டிரெயினேஜ், யார் வீட்டுக்கு ரிப்பேர் உதவின்னு பணம் பிரிக்கறதுக்கு முன்னாடி நாங்க ஜனங்ககிட்ட கேக்கறோம், கேட்டே ஆகணும்னு ஃபெடரல் விதி இருக்கு, ஆனா அதுக்கு நாங்க நடத்தற கூட்டத்துக்கு வர்றவங்க பெரும்பாலும் ஒவ்வொரு வருஷமும் வர்ற அதே முகங்கதான். தமிழ்க் குடும்பங்க நெருக்கமா இருக்கற அபார்ட்மென்ட் பக்கத்துலேர்ந்துகூட யாரும் வர்றதில்ல, எனக்கு ரொம்ப ஆதங்கமா இருக்கு.

நான் சொல்றது சிடிபிஜி பணத்த பத்தி, முழுப் பேரு கம்யூனிட்டி டெவலப்மென்ட் பிளாக் கிராண்ட். 1974ல வந்த சட்டம். ஹட்னு சொல்ற ஃபெடரல் ஹவுசிங் டிபார்ட்மென்ட் இத குடுக்குது, சமீப வருஷங்கள்ல நாடு முழுக்க சேத்து வருஷத்துக்கு 330 கோடி டாலர் பக்கம். பெரிய சிட்டிங்களுக்கு தனியா போகும், அந்த சிட்டிங்கள கழிச்சு 2 லட்சம் பேருக்கு மேல இருக்கற கவுண்ட்டிங்களுக்கும் நேரடியா வரும். இதுல குறைஞ்சது 70% பணம் வருமானம் கம்மியா இருக்கறவங்களுக்கு பயன்படணும், அதாவது அந்த வட்டாரத்து மீடியன் வருமானத்துல (பாதிக் குடும்பங்க அதுக்கு மேல, பாதி கீழ இருக்கற நடுத் தொகை) 80%க்குள்ள இருக்கற குடும்பங்களுக்கு.

இத கேட்டதும் "அப்ப நமக்கு இல்லப்பா"ன்னு நகந்துடறாங்க. அவசரப்படாதீங்க. ஒரு சைட்வாக்கோ பார்க்கோ வேணும்னா அத பயன்படுத்தற ஏரியால 51% பேரு அந்த வருமான வரம்புக்குள்ள இருந்தா பொதுவா போதும், மிச்சப் பேரு எவ்ளோ சம்பாதிச்சாலும் அதே சைட்வாக்லதான் நடப்பாங்க. அதுவும் இல்லாம நம்மள்ல எல்லாருமா ஐடி கம்பெனில இருக்காங்க? இண்டியன் க்ராசரில நாள் பூரா நிக்கறவங்க, ஒரே சம்பளத்துல ரெண்டு புள்ளைங்கள வளக்கறவங்க, இவங்கள நம்ம கூட்டங்கள்லயே யாரும் கணக்குல எடுக்கறதில்ல.

ஒரு இடம் சொல்றேன். பஸ் ஸ்டாப் கம்பம் நிக்குது, ஆனா அபார்ட்மென்ட் வாசல்லேர்ந்து அதுவரைக்கும் சைட்வாக் கிடையாது, ஜனங்க நடந்து நடந்து புல்லு தேஞ்சு ஒத்தையடிப் பாதையாவே ஆயிடுச்சு. மழை பேஞ்சா சேறு, ஸ்ட்ரோலர் தள்ளிட்டு வர்ற பாட்டி ரோட்டுல எறங்கித்தான் போகணும், வண்டிங்க பக்கத்துலயே சர்ருனு போகும். சென்சஸ் டேட்டால அந்த ஏரியா 51%ஐ தொடல, ஏன்னா எதிர்ல இருக்கற பெரிய வீடுங்களும் சென்சஸ்ல ஒண்ணா கணக்கெடுக்கற அதே சின்னப் பகுதில, அதாவது பிளாக் குரூப்ல, வருது. இந்த மாதிரி நேரத்துல அந்த சைட்வாக்கால பயன்பெறப் போறவங்க வீடுகள்ல மட்டும் தனியா சர்வே எடுக்க விதி இருக்கு, எடுத்தோம். பாதி வீட்டுல கதவே தொறக்கல. ஒரு அம்மா உள்ளேர்ந்தே "நோ தாங்க்யூ"ன்னாங்க, நான் தமிழ்ல "எதுவும் விக்க வரலம்மா, கவுண்ட்டிலேர்ந்து வர்றேன்"னதும்தான் தொறந்தாங்க, தொறந்ததும் கேட்ட மொத கேள்வி "இதனால பையன் விசாவுக்கு ஏதும் ஆகுமாப்பா?" ஒண்ணும் ஆகாது. எங்க ஃபார்ம்ல பேரு கூட கேக்கறதில்ல, வீட்டுல எத்தன பேரு, வருமானம் இந்த தொகைக்கு மேலயா கீழயா, அவ்ளோதான். அப்படி யாராவது சர்வேன்னு வந்தா ஐடி கார்ட காட்டச் சொல்லி பாத்துட்டு தயவுசெஞ்சு பதில் சொல்லுங்க. பதில் கம்மியா வந்தா சர்வேயே செல்லாம போயிடும், அந்த சைட்வாக்கும் அதோட போச்சு.

அடுத்து கருத்து சொல்ற விஷயம். வருஷா வருஷம் இந்தப் பணம் எதெதுக்கு போகும்னு சொல்ற ஆக்‌ஷன் பிளான்னு ஒண்ணு போடுவோம், அத ஹட்டுக்கு அனுப்பறதுக்கு முன்னாடி டிராஃப்ட வெளியிட்டு குறைஞ்சது 30 நாள் கருத்துக்கு விடணும், வருஷத்துல ரெண்டு பப்ளிக் ஹியரிங்காவது நடத்தணும். வந்த கருத்துங்களோட சுருக்கத்த பிளான்ல சேக்கணும், ஏத்துக்காத கருத்துன்னா ஏன் ஏத்துக்கலன்னு காரணமும் எழுதியாகணும். இது எவ்ளோ பெரிய விஷயம் தெரியுமா, நீங்க அனுப்புற நாலு வரி மெயிலுக்கு நாங்க பதில் எழுதி ஃபெடரல் வரைக்கும் அனுப்பறோம். சிட்டிசனா இருக்கணும்னு கூட அவசியமில்ல, ஹெச்1பில இருக்கறவங்களும் பேசலாம். இங்கிலீஷ் வராத அப்பா அம்மா பேசணும்னா முன்கூட்டியே ஃபோன் பண்ணி மொழிபெயர்ப்பாளர் கேளுங்க, யாருமே கேக்காததாலதான் தமிழுக்கு ஏற்பாடு பண்ற பேச்சே எழறதில்ல.

இன்னொண்ணு, உங்க அட்ரஸ்ல சிட்டி பேரு இருக்குங்கறதால நீங்க அந்த சிட்டிக்குள்ள இருக்கீங்கன்னு அர்த்தமில்ல, அது போஸ்டல் பேரு. கவுண்ட்டி வெப்சைட்ல இருக்கற மேப்புல அட்ரஸ போட்டுப் பாருங்க, அன்இன்கார்ப்பரேட்டட்னு (எந்த சிட்டிக்குள்ளயும் சேராத இடம்) வந்தா உங்களுக்கு கவுண்ட்டிதான் எல்லாம். ரோடு மட்டும் மாநிலத்துக்கு மாநிலம் மாறும், வர்ஜீனியால பெரும்பாலான கவுண்ட்டி ரோடுங்கள மாநில அரசுதான் பாத்துக்குது, ஆர்லிங்டனும் ஹென்ரைக்கோவும்தான் விதிவிலக்கு.

மெயில் எழுதும்போது "எங்க ஏரியாவ கவனிக்கவும்"னு பொதுவா எழுதாதீங்க. எந்த ரோடு, எந்த ஸ்டாப், எங்கேர்ந்து எங்க வரைக்கும், யாரு நடக்கறாங்க, மழைல என்ன ஆகுது, ரெண்டு ஃபோட்டோ. பக்கத்து வீட்டு ஸ்பானிஷ் பேசற குடும்பத்தையும் சேத்து எழுதச் சொல்லுங்க, அவங்களும் அதே சேத்துலதான் நடக்கறாங்க. டிராஃப்ட் எப்ப வரும்னு ஒவ்வொரு கவுண்ட்டிக்கும் தேதி வேற, கம்யூனிட்டி டெவலப்மென்ட் பிரிவுக்கு ஃபோன் போட்டு "சிடிபிஜி ஆக்‌ஷன் பிளான் கமென்ட் பீரியட் எப்ப?"ன்னு கேட்டா அங்க இருக்கறவங்க சொல்லிடுவாங்க, அறிவிப்பு மெயில் லிஸ்ட்லயும் உங்க பேர சேக்கச் சொல்லிடுங்க.