20 மில்லி ஆம்பியர் வரம்பு வைத்தும் எல்.இ.டி. ஏன் போகிறது?

விலை குறைந்த 30 வோல்ட், 5 ஆம்பியர் பெஞ்ச் பவர் சப்ளை (மின்னழுத்தத்தையும் மின்னோட்ட வரம்பையும் நாமே வைத்துக்கொள்ளும் மேசைக் கருவி) ஒன்றில் மின்னோட்ட வரம்பை 20 மில்லி ஆம்பியரில் வைத்தும், தொட்ட மாத்திரத்தில் எல்.இ.டி. போய்விட்டதே, கருவி பழுதா என்று ஒரு வாசகர் கேட்கிறார். பழுது இல்லை. ஆனால் வீட்டு ஆய்வகத்துக்கு வாங்கும் எவரும் சோதிக்க வேண்டிய விஷயம் இது.

மற்ற சோதனைகள் எளியவை. பிளக்கைக் கழற்றிவிட்டு, அதன் எர்த் முனைக்கும் உலோகக் கூட்டுக்கும் இடையே மின்தடை 1 ஓமுக்குள் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் திருப்பி அனுப்புங்கள். 5 வோல்ட் வைத்து, 2.5 ஓம், 25 வாட் மின்தடையை இணைத்து, மின்னழுத்தம் குறைகிறதா என்று முனையத்திலேயே அளந்து பாருங்கள். வயரின் நுனியில் அளந்தால் 0.1 ஓம் வயரே 0.2 வோல்ட்டைத் தின்றிருக்கும். பழி கருவிமேல் விழும். 3.3 வோல்ட்டில் வைத்து மெயின் சுவிட்சைப் போட்டு அணைக்கும்போது மின்னழுத்தம் எகிறுகிறதா என்று ஆஸிலோஸ்கோப்பில் (மின்னழுத்தம் நேரத்தோடு மாறுவதை வரைந்து காட்டும் கருவி) பாருங்கள். பவர் சப்ளையில் லீனியர், ஸ்விட்சிங் என்று இரு வகை உண்டு; லீனியர் என்றாலே சுத்தம், ஸ்விட்சிங் என்றாலே இரைச்சல் என்பது பாதி மூடநம்பிக்கை. அளந்து பார்க்காமல் எதையும் ஒதுக்க வேண்டாம்.

இனி எல்.இ.டி. கதை. உள்ளே இரண்டு கட்டுப்பாட்டுச் சுற்றுகள் உண்டு: ஒன்று மின்னழுத்தத்தையும் மற்றது மின்னோட்டத்தையும் கண்காணிக்கும். எது குறைவாகக் கேட்கிறதோ அதன் சொல்தான் செல்லும். மின்னோட்டத்தை அளக்கும் சிறு மின்தடையைத் தாண்டி, வெளியீட்டு முனையங்களுக்குக் குறுக்கே ஒரு மின்தேக்கி (மின்னூட்டத்தைச் சேமித்து வைக்கும் பாகம்) உட்கார்ந்திருக்கிறது. லோடு திடீரென மாறும்போது மின்னழுத்தம் சரியாமலும், சுற்று அலைவுக்குப் போகாமலும் அது காக்கிறது. அதை எடுத்துவிட முடியாது. ஆனால் அதிலிருந்து பாயும் மின்னோட்டம் அளக்கும் மின்தடை வழியே போவதே இல்லை. வரம்புச் சுற்றின் கண்ணில் அது படாது.

கணக்குப் போடுவோம். மின்தேக்கி 470 மைக்ரோ ஃபாரட், வைத்த மின்னழுத்தம் 12 வோல்ட்; சிவப்பு எல்.இ.டி. 2 வோல்ட் எடுத்துக்கொள்ளும். வழியில் மொத்தம் 5 ஓம் என்றால் தொடக்க மின்னோட்டம் 2 ஆம்பியர், அதாவது வைத்த வரம்பைப் போல நூறு மடங்கு. அது தணியவே சில மில்லி விநாடிகள் ஆகும்.

உங்கள் கருவியில் மின்தேக்கி எவ்வளவு பெரியது? 12 வோல்ட், 50 மில்லி ஆம்பியர் வைத்து, வெளியீட்டை இயக்கி, 10 ஓம், 10 வாட் மின்தடையைச் சட்டெனத் தொடுங்கள். ஆஸிலோஸ்கோப்பை ஒருமுறை மட்டும் டிரிகர் ஆகும்படி, அதாவது அந்தத் தொடுதலை மட்டும் பதிவு செய்யும்படி வையுங்கள். 12 வோல்ட் ஏறத்தாழ 4.4 ஆகக் குறைய 4.7 மில்லி விநாடி ஆனால் மின்தேக்கி சுமார் 470 மைக்ரோ ஃபாரட். சிறியதாக இருந்தால் நல்லது. தயாரிப்பாளர்கள் இந்த எண்ணை அச்சிட்டால்தான் என்ன?

வெளியீட்டுப் பொத்தானை அணைத்துவிட்டு எல்.இ.டி.யை மாட்டினாலும் எப்போதும் தப்பிக்க முடியாது. சில கருவிகளில் பொத்தான் ஒரு ரிலேயை (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) மட்டுமே திறக்கிறது. அதன் பின்னால் மின்தேக்கி நிறைந்தபடியே காத்திருக்கும். நம்பகமான வழி: முனையங்களை ஒரு வயரால் ஷார்ட் செய்து, வெளியீட்டை இயக்கி, வரம்பை 20 மில்லி ஆம்பியருக்குத் திருப்புங்கள். ஷார்ட் அப்படியே இருக்க, எல்.இ.டி.யை இணையாக மாட்டுங்கள். பிறகு ஷார்ட்டை எடுங்கள். காலியான மின்தேக்கி 20 மில்லி ஆம்பியரில் நிரம்பி 2 வோல்ட்டை எட்ட ஏறக்குறைய 47 மில்லி விநாடி ஆகும், எல்.இ.டி. அங்கேயே அதைப் பிடித்து நிறுத்திவிடும்.