ஆணியைச் சுற்றிய கருவளையம்

காசிமேட்டில் பிரித்துப் போட்ட ஒரு மர விசைப்படகின் பலகைத் துண்டு என்னிடம் இருக்கிறது. இரண்டடி நீளம். வெயில் பட்ட பக்கம் சாம்பல் பூத்திருக்கிறது. அதில் மூன்று ஆணிகள். கையில் கிடைத்தபோது மூன்றும் செம்பழுப்பாகத் துருவேறியிருந்தன. ஒவ்வோர் ஆணியைச் சுற்றியும் மை கொட்டியது போல ஒரு கருவளையம். பழம்பொருள்களைக் கோத்துக் கலைப்படைப்பு செய்பவர்கள் கடற்கரையிலும் காயலான் கடையிலும் தேடித் திரிவது இப்படிப்பட்ட துண்டுகளைத்தான்.

கண்டெடுத்த பொருளின் அழகு என்று நாம் நினைப்பது, பாதி வழியில் நிற்கும் ஒரு வேதிவினை. அது நின்றுவிட்டதா, இன்னும் நடக்கிறதா என்று தெரியாமல் சுவரில் மாட்டக் கூடாது. இதை நான் நஷ்டப்பட்டுத்தான் கற்றேன். கடற்கரையில் பொறுக்கிய ஆணிகளையும் சங்கிலிக் கண்ணிகளையும் தடித்த காகிதத்தில் ஒட்டி, கண்ணாடிச் சட்டமிட்டு மாட்டியிருந்தேன். ஒரு மழைக்காலம் கழிந்து பார்த்தால், ஆணிகளின் மேல் ஆரஞ்சு நிறத்தில் முத்து முத்தாக நீர்த்துளிகள். கீழே காகிதம் முழுக்கக் கறை. சட்டத்துக்குள் மழைநீர் இறங்கிவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். அது மழைநீர் அல்ல.

இரும்பின் மேல் ஒரு சொட்டு நீரை விட்டுப் பாருங்கள். துளியின் ஓரத்தில் காற்று எளிதாகக் கலக்கிறது. நடுவே ஆக்சிஜன் குறைவு. அதனால் நடுவிலுள்ள இரும்பு எலெக்ட்ரான்களை இழந்து நீரில் கரைகிறது. அந்த எலெக்ட்ரான்கள் உலோகத்தின் வழியே ஓரத்துக்கு ஓடி, அங்குள்ள ஆக்சிஜனோடு சேர்கின்றன. கரைந்த இரும்பும் ஓரத்தில் உண்டான ஹைட்ராக்சைடும் இடைவழியில் சந்திக்கும் இடத்தில்தான் துரு படிகிறது. அதாவது, ஒரு சொட்டு நீர் ஒரு குட்டி மின்கலம். துரு ஒரே சீராகப் பரவாமல் வளையமாகவும் புள்ளியாகவும் குழியாகவும் விழுவது இதனால்தான். துருவுக்கு இரும்பைவிடப் பல மடங்கு இடம் வேண்டும். ஆகவே அது பொருக்குத் தட்டி உரிகிறது.

கடலோர இரும்பில் இன்னொரு சிக்கல் உண்டு. வினை நடக்கும்போது உப்பிலுள்ள குளோரைடு அயனிகள் உள்நோக்கி இழுக்கப்பட்டு, துருவுக்கும் நல்ல இரும்புக்கும் இடையே போய்த் தங்கிவிடுகின்றன. மேலே எவ்வளவு துடைத்தாலும் அவை வருவதில்லை. அங்கே உண்டாகும் இரும்பு குளோரைடு, காற்றின் ஈரப்பதம் 55 சதவீதத்தைத் தாண்டினாலே நீரை உறிஞ்சித் தானாகக் கரையும். சென்னையில் வருடத்தின் பெரும்பகுதி அதற்கு மேல்தான். என் சட்டத்துக்குள் பூத்த முத்துகள் இவைதான். அருங்காட்சியகங்களில் பழைய இரும்பைப் பேணுபவர்கள் இதை இரும்பு கண்ணீர் விட்டு 'அழுகிறது' என்பார்கள்.

ஆகவே ஆணியை ஒட்டுமுன் உப்பை இறக்க வேண்டும். சலவைச் சோடா கரைத்த நீரில் ஊறப்போட்டு, வாரத்துக்கொரு முறை நீரை மாற்றலாம். காரநீரில் இரும்பு மேலும் துருப்பிடிக்காது. ஹைட்ராக்சைடு அயனி குளோரைடின் இடத்தைப் பிடித்து அதை வெளியே தள்ளும். வாரங்கள் ஆகும், பொறுமை வேண்டும். கடைசி அலசலுக்குப் பெட்ரோல் பங்கில் கிடைக்கும் பேட்டரி வாட்டர் போதும். அலுமினியத் துண்டுகளை மட்டும் இந்தத் தொட்டியில் போடாதீர்கள். காரத்தில் அலுமினியம் கரையும்.

இப்போது கருவளையத்துக்கு வருவோம். மரத்தில் டானின் என்ற துவர்ப்புப் பொருள் உண்டு. நம் நாக்கு அதை டிகாஷனிலும் பாக்கிலும் கடுக்காயிலும் அறியும். ஆணியிலிருந்து கசிந்த இரும்பு ஈர மரத்தின் டானினைச் சந்தித்து, நீரில் கரையாத நீலக் கறுப்பான இரும்பு டானேட்டாக மாறியிருக்கிறது. இந்த வேதியியலைக் கலம்காரிக் கலைஞர்கள் நெடுங்காலமாகக் கையாள்கிறார்கள். கடுக்காயும் பாலும் ஊட்டிய துணியில், துருவேறிய இரும்பையும் வெல்லத்தையும் நாள்கணக்கில் ஊறவைத்த நீரால் கோடு இழுப்பார்கள். வெளிறி விழும் கோடு துணியிலேயே கறுக்கும். கும்பகோணத்துப் பக்கம் சிக்கல்நாயக்கன்பேட்டையில் இன்றும் அந்தக் கை ஓடுகிறது.

அதே கடுக்காய் நம் ஆணிக்கும் உதவும். உப்பு இறங்கிய ஆணியைக் காயவைத்து, கடுக்காய்க் கஷாயத்தைத் தூரிகையால் இரண்டு மூன்று தடவை பூசினால் மேல்துரு கறுத்து இறுகும். அதோடு அந்தச் செம்மை போய்விடும் என்பதுதான் எனக்கு வருத்தம். செம்மையே வேண்டுமென்றால் கடுக்காயை விட்டுவிட்டு, அசிட்டோனில் கரைத்த அக்ரிலிக் ரெசினை மெல்லப் பூசலாம். ஒட்டுவதற்கு வெள்ளைப் பசை வேண்டாம்; மூடிய சட்டத்துக்குள் அது அசிட்டிக் அமிலத்தைக் கசியவிடக்கூடும், உலோகத்துக்கு ஆகாது. பித்தளையையும் இரும்பையும் நேராகத் தொடவிடுவதும் தவறு. ஈரத்தில் பித்தளை தப்பிக்கும், இரும்பு வேகமாக அரிபடும்.

மரத்தின் சாம்பல் நிறம் அவ்வளவு தொல்லை தராது. நார்களைப் பிணைக்கும் லிக்னினைப் புற ஊதாக் கதிர் உடைக்க, மழை கழுவிப் போக, மிஞ்சிய செல்லுலோஸ் வெளிறித் தெரிகிறது. ஒரு மில்லிமீட்டர்கூட ஆழமில்லாத தோல் அது. உப்புத்தாள் போட்டால் ஐந்து நிமிடத்தில் போய்விடும், போடாதீர்கள்.

சண்டிகரில் சாலை ஆய்வாளராக இருந்த நேக் சந்த் 1957 முதல் யாருக்கும் தெரியாமல் உருவாக்கி, 1976இல் மக்களுக்குத் திறக்கப்பட்ட பாறைத் தோட்டத்தை இந்தக் கண்ணோடு பாருங்கள். உடைந்த வளையலும் பீங்கானும் ஓடும் பதித்த உருவங்கள் திறந்த வெளியில் மழையிலேயே நிற்கின்றன. உலையில் வெந்த பொருள்களுக்கு ஆக்சிஜனிடம் இழக்க அநேகமாக ஒன்றுமில்லை. அந்தச் சுதந்திரம் இரும்புக்குக் கிடையாது.

என் பலகையில் இரண்டு ஆணிகளுக்குக் கடுக்காய் பூசிவிட்டேன். பலகையோடு இருப்பதால் சோடா நீரில் போடவில்லை, காரம் மரத்தைக் கெடுக்கும். வெறும் நீரில்தான் பல வாரம் ஊறியது. மூன்றாவது ஆணியின் செம்மையை விட மனமில்லை. அதற்கு ரெசின் மட்டும். ஐப்பசி பிறந்ததும் பலகையைச் சுவரிலிருந்து இறக்கி, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் போட்ட மூடிய பெட்டியில் வைத்துவிடுகிறேன். தை மாதம் திரும்ப மாட்டும்போது, முதலில் அந்த மூன்றாவது ஆணியில் முத்து பூத்திருக்கிறதா என்று லென்ஸ் வைத்துப் பார்க்கிறேன்.