சொறிவது நின்ற பிறகும் எதற்குச் சொட்டு மருந்து?

கால்நடை மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய பூனை சில நாட்களில் காதைச் சொறிவதை நிறுத்திவிடும். மருந்துக் குப்பியும் அன்றோடு அலமாரிக்குப் போய்விடும். ஓரிரு வாரம் கழித்து மறுபடியும் அதே காது, அதே சொறி. மருந்து சரியில்லை என்று பழி போடுவார்கள். பெரும்பாலும் தவறுவது மருந்தல்ல, நாட்கணக்கு.

பூனையின் காதுத் தொல்லைக்கு மிகப் பொதுவான காரணம் ஓட்டோடெக்டிஸ் சைனோட்டிஸ் என்ற சிற்றுண்ணி. நீளம் அரை மில்லிமீட்டருக்குள்தான். தோலைத் துளைத்து உள்ளே போகாது. செவிக்குழலின் மேற்பரப்பிலேயே உலவி, உதிரும் தோலையும் கசியும் நீரையும் உண்டு வாழும். காதிலிருந்து கரும்பழுப்பு நிறத்தில் பொடியாக உதிர்வது அதன் கழிவும் மெழுகும் காய்ந்த இரத்தமும் கலந்த அழுக்கு. முட்டைகளைத் தோலோடு ஒட்டிவைக்கும். அவை பொரிக்க ஏறக்குறைய 4 நாள். பொரித்த குஞ்சு வளர்ந்து தானும் முட்டையிட மொத்தம் சுமார் 3 வாரம். காதில் விடும் சொட்டு மருந்துகள் பலவும் நடமாடும் உண்ணிகளைக் கொல்லும், முட்டையை விட்டுவிடும். ஆகவே அரிப்பு அடங்கியது என்றால் பெரியவை செத்தன என்றுதான் பொருள். அடுத்த தலைமுறை இன்னும் முட்டைக்குள் இருக்கிறது. மருத்துவர் சொன்ன நாள்வரை சொட்டு விடுவதும், வீட்டிலுள்ள மற்றப் பூனை நாய்களுக்கும் சேர்த்தே சிகிச்சை தருவதும் இதற்காகத்தான்.

உண்ணி காதுக்குள் படுத்தும் பாட்டைப் பூனை சொல்லாது. ஒரு மனிதர் சொல்லியிருக்கிறார். அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்துக் கால்நடை மருத்துவர் ராபர்ட் லோபஸ், பூனையின் காதிலிருந்து எடுத்த உண்ணிகளைத் தன் காதிலேயே விட்டுக்கொண்டார். கிறுக்குத்தனம்தான். வினோத ஆய்வுகளுக்குத் தரப்படும் இக் நோபல் பரிசு 1994இல் அவருக்குக் கிடைத்தது. ஆனால் அவர் எழுதிவைத்தது பயனுள்ளது: உண்ணிகள் நகரும் ஓசை காதுக்குள் கேட்டது, நள்ளிரவைத் தாண்டியதும் அரிப்பு உச்சத்துக்குப் போனது, தூக்கம் போயிற்று. நம் செவியின் எல்லை 20,000 ஹெர்ட்ஸ். பூனைக்கோ அது 60,000-ஐத் தாண்டும். அதற்கு அந்த இரவுகள் எப்படி இருந்திருக்கும்!

சில மருந்துகளைக் காதில் விடாமல் பிடரியில் சொட்டவைக்கிறார்கள். செலமெக்டின் அவற்றில் ஒன்று. தோல் வழியே இரத்தத்தில் கலந்து காதின் தோலுக்கும் வந்துசேரும். உண்ணியின் நரம்பில், குளூட்டமேட் என்ற நரம்புச் செய்தி வேதிப்பொருளுக்குத் திறக்கும் குளோரைடு வாயில்களை அது திறந்தபடியே வைத்துவிடுவதால் உண்ணி முடங்கிச் சாகும். பாலூட்டிகளிடம் அந்த வாயில்கள் இல்லை. இந்த மருந்துக் குடும்பத்தின் மூலத்தைக் கண்டறிந்ததற்காகத்தான் சதோஷி ஓமுராவும் வில்லியம் கேம்பெல்லும் 2015இல் நோபல் பரிசு பெற்றார்கள்.

இனி காதின் வடிவம். பூனையின் செவிக்குழல் 'ட' எழுத்தைப் போன்றது: முதலில் செங்குத்தாக இறங்கி, பிறகு கிடையாகத் திரும்பிச் செவிப்பறையில் முடிகிறது. பஞ்சுக் குச்சியால் குடைந்தால் அழுக்கு அந்தத் திருப்பத்தைத் தாண்டிச் செவிப்பறையோடு ஒட்டிக்கொள்ளும். காது மடலைச் சற்று மேலே இழுத்துப் பிடித்து மருந்தை விடுங்கள். மடலின் அடியில் விரலால் மெல்லப் பிசைந்தால் உள்ளே 'சளக் சளக்' என்று கேட்கும். மருந்து கிடைக்குழலை எட்டிவிட்டது. கையை எடுத்ததும் பூனை தலையை உதறும். உதறட்டும், ஆழத்து அழுக்கு மேலே வருவது அந்த உதறலில்தான். காதின் வாயில்வரை வந்ததைப் பஞ்சால் துடைத்தால் போதும்.

குளிர்ந்த மருந்தை அப்படியே விடாதீர்கள். காதில் குளிர்ச்சி பட்டால் உட்செவியில் சமநிலையை உணரும் அரைவட்டக் குழலில் உள்ள திரவம் நகரத் தொடங்கும். உடல் சுழல்வதாக மூளை ஏமாறும். இதை விளக்கிய ராபர்ட் பாரனிக்கு 1914ஆம் ஆண்டின் நோபல் பரிசு தரப்பட்டது. குப்பியைச் சில நிமிடம் உள்ளங்கையில் வைத்திருந்தாலே சூடு ஏறிவிடும்.

மயக்க மருந்து கொடுத்து ஆழமாகக் கழுவிய பூனை ஒன்று, வீட்டுக்கு வந்ததும் ஒரு கண்ணின் இமை தொங்கி, பாவை சிறுத்து, கண்ணின் உள்மூலையில் உள்ள மூன்றாம் இமை பாதிக் கண்ணை மூடியபடி நிற்கலாம். பார்ப்பவருக்குக் கண்ணில் அடிபட்டது என்றே தோன்றும். கண்ணுக்குச் செல்லும் பரிவு நரம்பின் இழைகள் நடுச்செவி வழியாகப் போகின்றன. பூனைக்கு அவை எளிதில் சீண்டப்படும். பல பூனைகளில் சில வாரங்களில் தானாகச் சரியாகும். ஆனாலும் மருத்துவருக்குச் சொல்லியாக வேண்டும். தலை ஒரு பக்கம் சாய்வது, தடுமாறி நடப்பது, விழி துடிப்பது ஆகியவை தெரிந்தால் அன்றைக்கே கொண்டுபோக வேண்டும், உட்செவி பாதிக்கப்பட்டிருக்கலாம்.

நம் வீடுகளில் பூண்டு காய்ச்சிய நல்லெண்ணெய் கைவசம் இருக்கும். வேண்டாம். செவிப்பறை கிழிந்திருந்தால் எண்ணெய் நேரே நடுச்செவிக்குள் இறங்கும். காதைத் தேய்த்த பாதத்தைப் பூனை நக்கும். பூண்டோ அதன் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். நாய்க்கு வாங்கிய உண்ணி மருந்து அதைவிடக் கொடியது. அதில் பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி இருந்தால், அதை முறிக்கும் திறன் பூனையின் கல்லீரலுக்கு மிகக் குறைவு. வலிப்பு வந்து உயிரே போகலாம்.

காதைச் சொறியாமலிருக்கக் கழுத்தில் மாட்டிய கூம்பைப் பரிதாபப்பட்டுக் கழற்றிவிடுபவர்கள் பலர். பின்னங்கால் நகத்தின் ஒரு கீறலில் மடலுக்குள் இரத்தக் குழாய் உடைந்தால், குருத்தெலும்பை ஒட்டி இரத்தம் தேங்கி மடல் வீங்கும். கவனிக்காமல் விட்டால் சுருங்கிக் கோணலாகவே நின்றுவிடும். மறுபரிசோதனையில் மருத்துவர் செவிப்பறையைப் பார்த்து, காதழுக்கை நுண்ணோக்கியில் வைத்து, உண்ணியும் முட்டையும் இல்லை என்று சொன்ன பிறகு கூம்பைக் கழற்றலாம்.