8 வயதாகியும் மேல் முன்பல் வரவில்லையா? ஒரு எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள்

மேல்தாடையின் பெரிய முன்பற்கள் இரண்டும் 7 வயதுக்கு மேல் 8 வயதுக்குள் எட்டிப் பார்த்துவிடும். ஒரு பக்கம் முளைத்து 6 மாதமாகியும் மறுபக்கம் வராவிட்டாலோ, அதற்குப் பக்கத்துப் பல் முந்திக்கொண்டாலோ சும்மா இருக்கக் கூடாது. பால்பல்லில் எப்போதோ அடிபட்டதும் காரணமாகலாம். ஆனால் படத்தில் அடிக்கடி தென்படுவது, நடுவில் ஒளிந்துகொண்டு வழியை மறிக்கும் கூடுதல் பல். மீசியோடென்ஸ் என்போம். பெண் பிள்ளைகளைவிட ஆண் பிள்ளைகளிடம் ஏறக்குறைய இரண்டு மடங்கு.

"பல்லு எங்கீங்க போகப்போவுது, தானா மொளைக்குமுங்க" என்று அப்பத்தாக்கள் சொல்வார்கள். நம் பக்கம் சில வீடுகளில் நெல்மணியால் ஈறைக் கீறியும் விடுகிறார்கள். அடைப்பு எலும்புக்குள் இருக்கிறது. கீறினால் ஈறு புண்ணாவதுதான் மிச்சம்.

ஓபிஜி ஒன்றோடு நிறுத்திவிட வேண்டாம். தாடை முழுவதையும் காட்டும் அந்தப் படத்தில் நடுப்பகுதிதான் மங்கல். கழுத்தெலும்பின் நிழல் வேறு படியும். முன்பற்களுக்கென்று சின்னப் படம் இரண்டு, எக்ஸ்ரே குழாயைக் கொஞ்சம் நகர்த்தி எடுக்க வேண்டும். குழாய் போன பக்கமே கூடுதல் பல்லும் நகர்ந்தால் அது அண்ணப் பக்கம் இருக்கிறது, எதிரே நகர்ந்தால் உதட்டுப் பக்கம். பெரும்பாலும் அண்ணப் பக்கம்தான். இதிலும் தெளியாவிட்டால் மட்டும் சிபிசிடி என்ற முப்பரிமாண ஸ்கேன்.

கூடுதல் பல்லை எப்போது அகற்றுவது? 5 வயதில் கண்ணில் பட்டதுமே எடுக்கப் போனால், பக்கத்தில் உருவாகிக்கொண்டிருக்கும் நிரந்தரப் பல்லில் இடிபடலாம். ஒவ்வொரு முழுப்பரீட்சை லீவுக்கும் தள்ளிப்போட்டு 10 வயதைத் தாண்டவிட்டால், அந்தப் பல்லின் வேர் முற்றி, தானாக இறங்கும் வேகம் குறைந்துவிடும். வழிமறிக்கும் பல்லுக்கு 7, 8 வயதே தோது என்பது எங்கள் கணிப்பு. ஆழத்தில் தொந்தரவில்லாமல் கிடக்கும் பல்லை அவ்வப்போது படமெடுத்துப் பார்த்துக்கொண்டால் போதும். சுற்றிலும் நீர்க்கட்டியோ, பக்கத்து வேர் கரைவதோ தெரிந்தால் காத்திருக்கக் கூடாது.

ஒத்துழைக்கும் பிள்ளைக்கு மரப்பு ஊசி போதும். மற்றவர்களுக்கு முழு மயக்கம். அதற்கு முன் 6 மணி நேரம் பால்கூட ஆகாது. வெறும் தண்ணீர் மட்டும் 2 மணி நேரம் முன்புவரை தரலாம். அழுகிறானே என்று யாராவது பிஸ்கட் கொடுத்திருந்தால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். வயிற்றில் இருப்பது மயக்கத்தில் மேலேறி நுரையீரலுக்குள் போய்விடும்.

அண்ணப் பக்க ஈறைப் பற்களின் ஓரமாகவே கீறி, எலும்பிலிருந்து விலக்குவோம். முன்பல்லுக்குப் பின்னால் வரும் நரம்பை வெட்ட நேர்ந்தால் அண்ணத்தின் முன்பக்கம் கொஞ்ச நாள் மரத்திருக்கும். பெரும்பாலும் தானே சரியாகும். சலைன் ஊற்றியபடியே எலும்பைக் குடைய வேண்டும், இல்லாவிட்டால் சூட்டில் எலும்பு செத்துவிடும். பல் பெரிதானால் வெட்டித் துண்டாக எடுப்பதே நல்லது. முளைக்காத முன்பல்லின் மேல் எலிவேட்டரை (பல்லை நெம்பும் கருவி) ஊன்றி நெம்பினால் அதன் வேர் கெட்டுப்போகும். ஒன்றுக்குப் பின்னால் இன்னொன்று ஒளிந்திருப்பதும் உண்டு. படத்தோடு எண்ணிக்கையை ஒத்துப் பார்த்த பிறகே தையல்.

மரப்பு இறங்க 2, 3 மணி நேரமாகும். அதுவரை பிள்ளை உதட்டைக் கடித்துக்கொள்ளாமல் பார்க்க வேண்டும். முதல் நாள் கொப்பளிக்கக் கூடாது. இளநீரானாலும் ஸ்ட்ரா வேண்டாம், டம்ளரில் கொடுங்கள். உறிஞ்சினால் ரத்தக்கட்டு பெயர்ந்துவிடும். ஆறிய சந்தகை, குழைய வடித்த அரிசியும்பருப்பும், தயிர்சாதம் போதும். மறுநாளிலிருந்து வெதுவெதுப்பான உப்புத்தண்ணீர். வலிக்குப் பாராசிட்டமால் கிலோவுக்கு 15 மி.கி., அதாவது 20 கிலோ பிள்ளைக்கு 300 மி.கி., 6 மணி நேரத்துக்கு ஒருமுறை. வீக்கம் 2, 3ஆம் நாள் கூடித்தான் வடியும். அதற்குப் பிறகும் ஏறினாலோ காய்ச்சல் வந்தாலோ உடனே கூட்டிவாருங்கள்.

எடுத்த மறுவாரமே முன்பல் வந்துவிடாது. 6 மாதமும் ஆகலாம், ஓராண்டுக்கு மேலும் ஆகலாம். அது இறங்க ஏறத்தாழ 8.5 மி.மீ. இடம் வேண்டும், பக்கத்துப் பற்கள் சாய்ந்து அடைத்திருந்தால் கிளிப் போட்டு விலக்க வேண்டும். ஓராண்டாகியும் படத்தில் நகர்வே இல்லையென்றால், ஈறைத் திறந்து பல்லில் சின்னச் சங்கிலி ஒட்டி, கிளிப்பிலிருந்து மெதுவாக இழுப்போம். பல மாத வேலை அது. கூடுதல் பல் குடும்பத்தில் தொடர்வதும் உண்டு, அதனால் தம்பி தங்கைக்கு 7 வயதாகியிருந்தால் அடுத்தமுறை வரும்போது அவர்களையும் கூட்டி வந்துவிடுங்கள்.